இருந்திருந்தால் என்றொரு வாக்கியம்

இன்று காலை கரோல் பாக் மெட்ரோ வாசலில் கார்டைத் தேடிப் பையைக் குடைந்தபோது மஞ்சள் அட்டை ஒன்று கையில் வந்தது. நாம் சேர்ந்து ஜப்பானிய மொழி படித்தபோது, ஊரிலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகையை நீ வெட்டிய துண்டு. முன்பக்கம் பாதிப் பிள்ளையார், பின்பக்கம் உன் கோணல் எழுத்தில் ஜப்பானிய வாக்கியம்: "மழை பெய்தால் வகுப்புக்கு மட்டம், பெய்யாவிட்டாலும் யோசிப்பேன்." சிரித்துவிட்டேன். பின்னால் நின்றவர், "சலியே மேடம்" என்று நகரச் சொல்லித் தள்ளினார்.

"பெய்தால், போனால்னு நம்ம ஒரு 'ஆல்'க்கு ஜப்பான்காரங்க நாலு வெச்சிருக்காங்கடி" என்று திட்டிக்கொண்டேதான் படித்தாய். லோதி ரோடு வகுப்புக்குப் போகும் வழியில் ஆளுக்கொரு 'ஆல்' வாக்கியம் ஜப்பானிய மொழியில் சொல்ல வேண்டும். புத்தகத்து வாக்கியம் செல்லாது, நம் வாழ்க்கையில் நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது உன் சட்டம். வேலை கிடைத்தால் அப்பாவுக்கு ஸ்வெட்டர், ஜப்பான் போனால் தயிருக்கு என்ன செய்வேன் என்று அடுக்குவாய். நடக்காமல் போனதைச் சொல்லும் பாடம் வந்தால் மட்டும் உனக்குக் கோபம். "முடிஞ்சு போனதுக்கு எதுக்குடி வாக்கியம்? ஜல்தி, அடுத்த பக்கம் திருப்பு."

டெங்கு உன்னைப் பத்தே நாளில் கொண்டுபோனது. தேர்வை நான் மட்டும் எழுதித் தேறினேன். அந்தப் பாடத்தை நானும் தொடவில்லை.

இன்று மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு மூன்றாவது நேர்காணல். முதல் இரண்டிலும் மனப்பாடத்தை ஒப்பித்துத் தோற்றவள் நான். எதிரில் ஒரு ஜப்பானிய அம்மையார். "இந்த வேலை கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். தயாராக வைத்திருந்த பதிலை விழுங்கிவிட்டேன். "என் தோழி இருந்திருந்தால் இந்த நாற்காலியில் அவள்தான் உட்கார்ந்திருப்பாள். கிடைக்காவிட்டால் இருவருக்கும் சேர்த்து மறுபடி வருவேன்" என்று ஜப்பானிய மொழியில் சொன்னேன். குரல் நடுங்கியது. வாக்கியம் நடுங்கவில்லை.

அவர் என் விண்ணப்பக் கோப்பைப் புரட்டிவிட்டு, "திங்கட்கிழமை சேர முடியுமா?" என்றார். நான் சந்தோஷத்தில் நம் வழக்கப்படி தலையை இருபுறமும் ஆட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது. மறுக்கிறேன் என்று நினைத்துக் கோப்பை மூடப் போனார். பதறி எழுந்து, வருகிறேன், கட்டாயம் வருகிறேன் என்று மூன்று மொழிகளில் சொன்னேன். பிறகுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது.

வேலை கிடைத்துவிட்டதடி. கால் தரையில் நிற்கவில்லை. நீ இருந்திருந்தால் அந்தத் தலையாட்டலை ஒரு மாதம் எல்லாரிடமும் நடித்துக் காட்டியிருப்பாய். வெளியே வெயிலில் நின்று இதையும் ஜப்பானிய மொழியில் சொல்லிப் பார்த்தேன். அழுகை வந்தது, பிழை வரவில்லை. உன்னைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு அந்த வாக்கியம் தவறுவதே இல்லை.