லைசென்ஸில் மூன்றாவது இடம்

ஜனவரி 6, செவ்வாய்

கடைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. காலையில் ஒருத்தர் மண்டபத்துப் படம் இருக்கிறது என்று பென்டிரைவைக் கொண்டுவந்து சொருகினார். அவர் போன பிறகு எந்த ஃபோல்டரும் திறக்கவில்லை. எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்கிறது. நோன்பு வருவதற்குள் நிக்காஹை முடித்துவிட வேண்டும் என்று மலைக்கோட்டையைச் சுற்றி எல்லா வீடும் பறக்கிற நேரம். அழைப்பிதழ் வேலை மேசை நிறையக் கிடக்கிறது. இப்போதா இது வர வேண்டும்?

மத்தியானம் ஹாஜிரா டைப் அடிக்க வந்தாள். பார்த்தாள். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "சர்ஃபராஸக் கூப்பிடட்டுமா?" என்றாள்.

சர்ஃபராஸ். அந்தப் பெயர் அவள் வாயில் எவ்வளவு லேசாக வருகிறது. அவளுடைய மாமா மகன். அவனுக்குத்தான் இவளைக் கட்டுவதாக இருந்தது. அவன் துபாய்க்குப் போனான், பேச்சு நின்றது, பிறகு நான் போய்ப் பெண் கேட்டேன். இப்போது திரும்பி வந்து ஸ்ரீரங்கத்தில் கம்ப்யூட்டர் கடை போட்டிருக்கிறான்.

என் பெயரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. 'ஏங்க', 'இந்தாங்க', வெளி ஆளிடம் 'எங்க வீட்டுல'. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று அவள் அம்மா பழக்கியது. ரேஷன் கடையில் கேட்டால்கூட வாயைத் திறக்காமல் கார்டை நீட்டுவாள். மரியாதைதான். யார் இல்லை என்றது? ஆனாலும்—

ஜனவரி 7, புதன்

வந்தான். சட்டையில் அத்தர் வாசனை, கையில் பேரீச்சம்பழ டப்பா. உட்கார்ந்து என்னவோ தட்டினான், ஃபோல்டர் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. அதுகூட எரிச்சலாக இருந்தது. கொஞ்சம் திணறியிருக்கக் கூடாதா?

"காசு குடுத்து வாங்குற ஆன்டிவைரஸ் ஒண்ணு போட்டுக்கங்கண்ணே. என் லைசென்ஸ்ல மூணு கம்ப்யூட்டருக்கு இடம் இருக்கு. ரெண்டுலதான் போட்டிருக்கேன். ஒரு இடம் சும்மா கெடக்கு" என்றான். சொல்லும்போது ஹாஜிராவை ஒரு பார்வை பார்த்தான். அவள் சட்டென்று குனிந்து கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தாள். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"ஓசி நமக்குப் பழக்கமில்ல தம்பி" என்றேன்.

அவனுக்கு இஞ்சி தட்டிப்போட்ட டீ, ரோஜாப்பூ போட்ட கப்பில். எனக்கு வழக்கமான கண்ணாடி கிளாஸ். போன மாதம் மாமியைப் பார்க்கிறேன் என்று ஸ்ரீரங்கம் போய்வந்தாளே, அவன் கடையும் அந்தத் தெருவில்தான். அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்குத் தோன்றுகிறது.

ஜனவரி 9, வெள்ளி

ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து நானே ஓர் இலவச ஆன்டிவைரஸை இறக்கினேன். ஓசி வேண்டாம் என்றவன் ஓசியில் இறக்குகிறானே என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். கம்பெனிக்காரன் என் பெண்டாட்டியிடம் சிரித்துப் பேச மாட்டான்.

லேசில் கிடைக்கவில்லை. தேடிப் போன பக்கத்தில் எங்கு பார்த்தாலும் பச்சைப் பொத்தான், எல்லாவற்றிலும் 'டவுன்லோட்'. ஒன்றைத் தட்டினேன். சீட்டாட்டமும் வானிலை அறிக்கையும் வந்து உட்கார்ந்துகொண்டன. அவற்றைத் துரத்தி, கடைசியில் கம்பெனியின் சொந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து இறக்கினேன்.

இலவசத்தையும் காசுள்ளதையும் ஒப்பிட்டு எழுதியிருந்ததை எல்லாம் உட்கார்ந்து படித்தேன். வைரஸ் பிடிப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையாம். காசு கொடுத்தால் பேங்க் வேலைக்குத் தனிக் காவல், விளம்பரத் தொல்லை இல்லை, சந்தேகம் வந்தால் போனில் பேச ஓர் ஆள். இலவசத்தில் ஆள் கிடையாது. அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கூப்பிட்டால் ஓடி வருகிற ஆள்தானே இங்கே பிரச்சினை.

ஜனவரி 12, திங்கள்

தொல்லைதான். உட்கார்ந்தால் போதும், மூலையில் ஒரு பெட்டி முளைத்து 'பிரீமியத்துக்கு மாறுங்கள்' என்கிறது. ஹாஜிரா மணமகன் பெயரை அடிக்கும்போது அதன் மேலேயே வந்து நின்றது.

"சர்ஃபராஸு போடுறேன்னதுல இந்தத் தொல்ல இருக்காதாம்" என்றாள்.

"எப்ப சொன்னான்?"

"போன்ல."

போனில்! எதற்குப் போன்? யார் யாருக்குப் போட்டது? கேட்கவில்லை. கேட்டால் நான் சந்தேகப்படுகிறேன் என்று ஆகிவிடும். சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்றேன். அவள் மோரில் பெருங்காயம் போட்டுக் கொடுத்தாள்.

ஜனவரி 13, செவ்வாய்

அவள் போன் சார்ஜில் கிடந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. பக்கத்தில் போய் நின்றேன், அவ்வளவுதான்.

ஜனவரி 19, திங்கள்

இன்றைக்கு நமக்கு நல்ல நாள். கம்ப்யூட்டர் முழுவதையும் சோதிக்க விட்டேன். சிவப்பாக ஒரு பெட்டி வந்தது. ஆபத்தான புரோகிராம் பிடிபட்டிருக்கிறதாம். தனியாக அடைத்து வைக்கவா, அடியோடு அழிக்கவா என்று கேட்டது. அடைத்து வைப்பதாவது! அழி என்று தட்டினேன். ஹாஜிரா வீட்டில் இருந்தாள், போன் போட்டுச் சொன்னேன். "பாத்தியா, ஓசியும் வைரஸ் பிடிக்கும். உங்க மாமா மகன்கிட்ட சொல்லு."

"சரிங்க" என்றாள். குரலில் ஒரு சந்தோஷமும் இல்லை. வாடினாளோ என்னவோ. வாடட்டும்.

ஜனவரி 20, செவ்வாய்

யா அல்லாஹ். என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன்.

ஹனீஃபா பாய் மகள் இக்ராவின் அழைப்பிதழ். நாளை சாயங்காலம் அச்சாபீசுக்குப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் கொடுக்க ஆரம்பிக்கிறார். ஹாஜிரா உட்கார்ந்து அடித்தாள். இங்கிலீஷ் எழுத்து வந்தது. மறுபடி அடித்தாள். மறுபடி இங்கிலீஷ். பழைய அழைப்பிதழைத் திறந்தால் கோணல்மாணலாகக் கிறுக்கல்.

நேற்று நான் அழித்தது வைரஸ் இல்லை. எங்கள் தமிழ் டைப்பிங் புரோகிராம். பழைய காலத்துச் சரக்கு, கைமாறிக் கைமாறி வந்த, பூட்டு உடைத்த பிரதி. அந்த உடைத்த பூட்டைப் பார்த்துத்தான் ஆன்டிவைரஸ் திருடன் என்று பிடித்திருக்கிறது. இத்தனை வருஷத்து அழைப்பிதழும் அந்த எழுத்தில்தான் இருக்கிறது. ஹாஜிராவின் விரலுக்கும் அதன் எழுத்து வரிசைதான் தெரியும். புதிதாக ஒன்றை இறக்கிப் பழக இப்போது நேரம் ஏது?

சி.டி. இருக்கிறதே என்று டிராயரை இழுத்தேன். இல்லை. மேசை, அலமாரி, பழைய பேப்பர் கட்டு எல்லாம் கவிழ்த்தேன். ஹாஜிரா நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தேடாதீங்க. சர்ஃபராஸுகிட்ட இருக்கு. போன மாசம் நான்தான் குடுத்தேன்."

"என்னக் கேக்காம?"

"கேட்டா குடுக்க விட்டிருப்பீங்களா?"

எங்கடையில இருக்கிற பொருள எடுத்துட்டுப் போயி அவனுக்குக் குடுத்திருக்கா. மாமியப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு. எங்கிட்ட பொய். எனக்கு இந்தக் கடையில என்ன மதிப்பு இருக்கு? இல்ல வீட்டுலதான் என்ன மதிப்பு? நான் கத்தினேன். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவள் அழவில்லை, பர்தாவைச் சரிசெய்துகொண்டாள்.

"நாளைக்கு நீங்களே போய் வாங்கிட்டு வாங்க. நான் போனா அதுக்கும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவீங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் என் வயிற்றெரிச்சல் அவளுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

ஜனவரி 21, புதன்

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன். காவிரிப் பாலத்தில் பஸ் நின்று நின்று போனது. அவனிடம் எப்படி ஆரம்பிப்பது? 'தம்பி, நம்ம சி.டி.' என்றா? 'தம்பி, ஒரு உதவி' என்றா? ராஜகோபுரம் ஸ்டாப்பில் இறங்கும்வரை முடிவாகவில்லை.

என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். "வாங்கண்ணே, வாங்க. ஹாஜிரா போன் பண்ணுச்சு." சி.டி.யை உறையில் போட்டு எடுத்து வைத்திருந்தான். பென்டிரைவிலும் ஒரு பிரதி.

"என்னோடதும் அழிச்சுதுண்ணே" என்றான்.

"எது?"

"காசு குடுத்ததுதான். வாங்கிப் போட்ட அன்னைக்கே தமிழ் டைப்பிங்கத் தூக்கிருச்சு. அவங்க நம்பருக்குப் போன் போட்டா, ஒருத்தரு இந்தியில பேசுறாரு. அழிச்சது சரிதான்னுட்டாரு. அப்புறம்தான் ஹாஜிராகிட்ட கேட்டேன். இப்ப அதத் தொடாதன்னு விலக்கு போட்டு வெச்சிருக்கேன். உங்களுக்கும் போட்டுத் தரேன்."

ஓசியும் காசும் இந்த விஷயத்தில் ஒரே லட்சணம்தான். கொஞ்சம் குளிர்ந்தது எனக்கு. அவன் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"சி.டி.க்கு என்ன தரணும்னு கேட்டேன். காசு வேணாம், எங்க கடைக் கம்ப்யூட்டருக்கு ஒரு இடம் குடு, அவங்க வேலையெல்லாம் அதுலதான் இருக்கு, பாவம்னு சொல்லுச்சு. நான் கேட்டேன்னு சொல்லாத, சும்மா கெடக்குன்னு சொல்லு, இல்லாட்டி சி.டி. குடுத்தது தெரிஞ்சு சண்டையாயிரும்னுச்சு. நீங்க ஓசி வேணாம்னுட்டீங்க. அது ஓசி இல்லண்ணே. உங்க சி.டி.க்கு உண்டானது."

அன்றைக்கு அவன் அவளைப் பார்த்த பார்வை, அவள் கீபோர்டைத் துடைத்த துடைப்பு, அந்தப் போன்— எல்லாம் இதுதானா? அவள் அந்தச் சி.டி.யை வெளியே கொடுக்காமல் இருந்திருந்தால், டிராயரைச் சுத்தம் செய்கிறேன் என்று அதையும் எங்காவது தொலைத்திருப்பேன். நான்தான் அப்படிப்பட்ட ஆளாயிற்றே.

ஆனாலும் எழுதிவிடுகிறேன். எனக்குத் தெரியாமல் இரண்டு பேரும் ஒன்று பேசி வைத்திருந்தார்கள் என்பது எரிந்தது. அது என் நல்லதுக்கு என்பது அதைவிட எரிந்தது.

ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுச் சி.டி.யைப் போட்டேன். ஹாஜிரா சாயங்காலத்துக்குள் ஒரே மூச்சில் அடித்து முடித்தாள். இக்ராவின் அழைப்பிதழ் அச்சாபீசுக்குப் போய்விட்டது.

ஜனவரி 23, வெள்ளி

பள்ளிவாசல் வாசலில் ஹனீஃபா பாய் எனக்கே ஓர் அழைப்பிதழ் கொடுத்தார். "எழுத்து அம்சமா வந்திருக்கு மீரான்" என்றார். என் பெயரை எல்லோரும் சொல்கிறார்கள்.

மத்தியானம் நானே சர்ஃபராஸுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து போட்டுத் தரச் சொன்னேன். ஹாஜிரா பிழை திருத்துகிற மாதிரி தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாள் தலைகீழாக இருந்தது.

ஜனவரி 25, ஞாயிறு

சர்ஃபராஸ் வந்தான். இலவசத்தை எடுத்துவிட்டுக் காசுள்ளதைப் போட்டான். தமிழ் டைப்பிங்குக்கு முதல் வேலையாக விலக்கு. நான் டீ வாங்கப் போனேன். பக்கத்துக் கடையில் இஞ்சி இல்லை, தெருமுனைவரை போய்த் தட்டிப்போடச் சொல்லி பிளாஸ்கில் வாங்கி வந்தேன்.

திரும்பி வந்தபோது திரையில் ஒரு பட்டியல் திறந்திருந்தது. லைசென்ஸில் இருக்கிற கம்ப்யூட்டர்களின் பெயர். முதல் இடத்தில் அவன் கடை, இரண்டாவதில் அவன் வீடு. மூன்றாவது காலி.

"என்ன பேரு போட ஹாஜிரா? கடை பேரா, உம் பேரா?" என்று கேட்டான்.

அவள் இரண்டுக்கும் தலையாட்டி மறுத்தாள்.

"அப்ப அண்ணன் பேரா? எப்படி, ஒரு 'இ'யா ரெண்டு 'இ'யா? சொல்லு."

சொல்லவில்லை. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நாள் முழுக்கத் தட்டித் தட்டித் தேய்ந்த விரல், பார்க்காமலே ஓடுகிற விரல், ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துப் போட்டது. எம். இ. இ. ஆர். ஏ. என். போட்டுவிட்டு, அழைப்பிதழில் பிழை பார்ப்பதுபோல ஒரு தரம் படித்தாள். சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

நான் வாசலிலேயே பிளாஸ்கோடு நின்றுகொண்டிருந்தேன். பிறகு உள்ளே போய், ரோஜாப்பூ கப்பை எடுத்து, சர்ஃபராஸுக்கு டீ ஊற்றினேன்.