பச்சை நாடா கட்டிய கேபிள்

இன்று காலை மெர்சிங் என்ற மீன்பிடி ஊரிலிருந்து ஒருவன் ஒரு கம்ப்யூட்டர் பவர் சப்ளையையும் ஹார்ட் டிஸ்கையும் நெகிழிப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தான். மேசைமேல் வைத்ததுமே நாற்றம் மூக்கில் ஏறியது. எரிந்த சர்க்கியூட் போர்டுக்கென்று ஒரு நாற்றம் உண்டு. பாதி பிளாஸ்டிக், பாதி மீன். அது வந்தாலே, "மெர்சிங் ஜெட்டி வந்துருச்சு டோய், மூக்கப் பொத்து" என்று நீ கத்துவாய். வந்தவன் உண்மையிலேயே மெர்சிங்காரன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"பவர் சப்ளை ஓகே பாஸ். ஹார்ட் டிஸ்க்தான் பொகஞ்சிருச்சு" என்றான்.

"கேபிள் எங்கருந்து எடுத்த?"

"பழைய பவர் சப்ளையோடது. அது வேற பிராண்ட், ஆனா நல்ல கேபிள். மாட்டுச்சே பாஸ்? டக்குன்னு உள்ள போச்சே?"

டக்கென்று உள்ளே போனதாம். அடுத்த நொடி அவன் சட்டைக் காலர் என் கையில் இருந்தது. சுவரில் மோதினேன். அலமாரியிலிருந்து நாலு காற்றாடிகள் அவன் தலைமேல் விழுந்தன. "பாஸ், பாஸ்! அலமாக்! எரிஞ்சது என்னோட சாமான் பாஸ், ஒங்களோடது இல்ல!" என்று அலறினான். அது நியாயம்தான். விட்டுவிட்டேன். மன்னிப்பும் கேட்டேன், அரைகுறையாக. அவன் பையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான். என் கைக்கு இன்னும் அடிக்க ஆள் தேவைப்பட்டது.

கீழ் இழுப்பறையைத் திறந்து அந்தக் கேபிளை எடுத்தேன். கறுப்பு, மூன்று ஹார்ட் டிஸ்குக்கானது, முனையில் பச்சை நாடா. நீ கட்டியது. அதை உனக்குக் காட்டவே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நீ கடையில் இருந்திருந்தால் அந்த மெர்சிங்காரனுக்கு உட்காரவைத்துச் சொல்லியிருப்பாய். உனக்கு அந்தப் பொறுமை இருந்தது. கழற்றி மாட்டும் கேபிள்களில் ஹார்ட் டிஸ்க் பக்கத்து முனை எல்லோருக்கும் ஒன்றுதான். பவர் சப்ளை பக்கத்து முனை அப்படியில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குக் கம்பிகளை வரிசைப்படுத்தும். துளை ஒரே மாதிரி இருக்கும். டக்கென்று பிடிக்கும். ஐந்து வோல்ட் வரவேண்டிய கம்பியில் பன்னிரண்டு வரும். அவ்வளவுதான், எரிந்துவிடும். நம் தொழிலில் செய்தவனைக் கொல்லலாம் போலிருக்கும் அளவு முட்டாள்தனமான தவறு அது ஒன்றுதான். நாமிருவரும் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா வாங்கி, கூட்டாகக் கடை வைத்தவர்கள். நமக்கு அது நடக்கக்கூடாது.

அதற்காகத்தான் உன் நாடா. ரிப்பேருக்கு ஒரு பவர் சப்ளை வந்தால் அதன் மேலே ஒரு வண்ணம் ஒட்டுவாய். அதோடு வந்த அத்தனை கேபிளிலும் அதே வண்ண நாடாவை இறுக்கிக் கட்டுவாய். எல்லாம் ஒரே பைக்குள். கொடுக்கும் முன் ஒவ்வொரு கம்பியிலும் மீட்டர் வைத்துப் பார்ப்பாய். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

"டேய் எக்ஸ்பிரஸ், ஸ்டாப்பிங்ல கொஞ்சம் நில்லுலா" என்பாய். எக்ஸ்பிரஸ் என்பது நீ எனக்கு வைத்த பெயர். ஜொகூர் பாருவின் தெப்ரா பகுதியில் அந்தக் கடைவீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்த முதல் வாரமே வைத்துவிட்டாய். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளைக்குள் பெரிய கெப்பாசிட்டர் முந்நூறு வோல்ட்டை வைத்துக்கொண்டு காத்திருக்கும். நீ அதன் இரு கால்களிலும் ஒரு பழைய குண்டு பல்பைத் தொடுவாய். பளிச்சென்று எரிந்து அடங்கும். எனக்கு அந்தப் பல்பைத் தேட நேரமில்லை. ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்தேன். வேட்டுச் சத்தம். ஸ்க்ரூடிரைவர் நுனி உருகிப்போனது. கீழே டயர் கடைச் சீனர் படியேறி ஓடிவந்து யாரைச் சுட்டீர்கள் என்று கேட்டார்.

"செத்துருச்சுன்னு நெனைக்காத. உள்ள வச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, உருகிய ஸ்க்ரூடிரைவரைச் சுவரில் ஆணியடித்து மாட்டினாய். வருகிறவனுக்கெல்லாம் காட்டினாய். "அவசரத்துல இவன் கட்டுன கோயில் இதுதான்."

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

கல்யாண வீடியோ எடுப்பவர் ஒருவருடைய பவர் சப்ளை. தடித்த ஆள், தடித்த குரல். கெப்பாசிட்டர் உப்பியிருந்தது; நான் மாற்றினேன். காற்றாடியும் புதிது. கேபிளுக்குப் பச்சையும் கறுப்புமாக உறை போட்டுத் தரச் சொல்லியிருந்தார். அது உன் வேலை. ஒவ்வொரு கம்பியாகப் பின்னைக் கழற்றி, உறையை ஏற்றி, சூடுகாட்டிச் சுருக்கி, சீப்பில் வாரியதுபோல் அடுக்கியிருந்தாய். கண்ணுக்குத் தெரியாத ஹார்ட் டிஸ்க் கேபிளை மட்டும் கறுப்பாகவே விட்டிருந்தாய். எல்லாவற்றிலும் பச்சை நாடா.

முந்தைய நாள் அந்தப் பவர் சப்ளையை வீட்டில் ஓடவிட்டுச் சோதிக்கிறேன் என்று எடுத்துப்போனேன். கூடவே அந்தக் கறுப்புக் கேபிளையும். பவர் சப்ளையைத் திரும்பக் கொண்டுவந்தேன். கேபிள் என் முதுகுப் பையின் அடியில் கிடந்தது, எனக்கு நினைவே இல்லை.

நீ ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பினாய். தொப்பியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாய்: "வீடியோக்காரர் வந்தா ஒக்கார வை. நான் வந்து மீட்டர் வச்சுப் பாத்துட்டுக் குடுக்குறேன். கேட்டுச்சா எக்ஸ்பிரஸ்?"

"கேட்டுச்சு, போடா."

அவர் வந்தார். நாளைக்குக் கல்யாணம் இருக்கிறது, சீக்கிரம் என்று குதித்தார். பையைப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் கேபிள் இல்லை. இழுப்பறையில் அதே மாதிரி ஒன்று கிடந்தது. பவர் சப்ளையில் சொருகிப் பார்த்தேன். டக். பிடித்தது. பைக்குள் போட்டுக் கொடுத்தனுப்பினேன். நீ திரும்பி வந்து, "பாத்துட்டுத்தானே குடுத்த?" என்று கேட்டாய். பார்த்துவிட்டேன் என்றேன். டக்கென்று பிடித்ததைத்தான் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை அவர் இரும்புக் கம்பியோடு வந்தார். மூன்று ஹார்ட் டிஸ்க், ஐந்து கல்யாணம், நகல் கிடையாது. தாலி கட்டியது, மோதிரம் மாற்றியது, செத்துப்போன ஒரு தகப்பன் கடைசியாக மகளை அழைத்துப் போனது எல்லாம் புகையாகப் போய்விட்டது. கண்ணாடி மேசையை முதல் அடியிலேயே உடைத்தார். எரிந்த கேபிளையும் ஒரு ஹார்ட் டிஸ்கையும் தரையில் எறிந்தார்.

"கேபிள் வேல எவன்டா பாத்தது?"

நான் மாட்டியதை மறந்திருந்தேன் என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கேபிள் என்றால் நீ. என் விரல் தானாக நீண்டது.

அவர் ஹார்ட் டிஸ்கைக் குனிந்து எடுத்து, அதன் மூலையாலேயே உன் புருவத்தில் அடித்தார். இரத்தம் கண்ணுக்குள் ஓடியது. வயிற்றில் ஒரு உதை. நீ உடைந்த கண்ணாடிமேல் உட்கார்ந்தாய். நான் நின்றுகொண்டிருந்தேன். என் கையில் கிரிம்பர் இருந்தது, கம்பி முனையில் உலோகப் பின்னை நெரித்துப் பொருத்தும் அந்தக் கனத்த குறடு. நடுவில் போய் நிற்கலாம் என்று தோன்றவேயில்லை.

அவர் போன பிறகு நீ ஒரு கண்ணை மூடிக்கொண்டு தரையில் தடவி அந்த எரிந்த கேபிளை எடுத்தாய்.

"டேய், இது நான் வச்சது இல்லடா. நான் கட்டுனதுல பச்சை இருக்கும். இதுல இல்ல பாரு."

"எரிஞ்சிருக்கும்."

"முனை எரியவே இல்லடா. கண்ணத் தொறந்து பாரு, முட்டாள்."

பார்க்கவில்லை. கிரிம்பரோடு அடித்தேன். உன் மேலுதடு இரண்டாகப் பிளந்தது. முன்பல் ஒன்று எங்கோ தெறித்தது. நீ ஒன்றும் புனிதன் இல்லை. எழுந்து மீட்டரை எடுத்து என் மூக்கில் போட்டாய். எலும்பு முறிந்த சத்தம் தலைக்குள் கேட்டது. பிறகு இருவரும் கண்ணாடிமேல் புரண்டோம். கழுத்தைப் பிடித்தேன். நீ என் காதைக் கடித்தாய். டயர் கடைச் சீனரும் அவர் ஆட்களும் வந்து பிரிக்காவிட்டால் அன்றே ஒருவன் போயிருப்பான்.

படியிறங்கும்போது வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஒன்றுதான் சொன்னாய்.

"நாடாவப் பாருடா."

இரண்டு வாரம் கழித்து என் முதுகுப் பையைக் கவிழ்த்துக் கொட்டியபோது அது விழுந்தது. கறுப்புக் கேபிள், பச்சை நாடா. அதற்குப் பிறகு எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. போன் அடித்திருக்கலாம். உன் வீடு பதினைந்து நிமிடம். நீ அதற்குள் சிங்கப்பூர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, விடியுமுன் மோட்டாரில் பாலம் கடந்துகொண்டிருந்தாய் என்று கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றேன். அடுத்த ஞாயிறு என்றேன். எல்லாவற்றிலும் அவசரப்படுகிறவனுக்கு இதில் மட்டும் எங்கிருந்தோ பொறுமை வந்தது.

மழை பெய்த ஒரு காலையில் நெடுஞ்சாலையில் லோரி உன்மேல் ஏறியது.

முகத்தில் புதிய காயமில்லை. கடைசியாகத் திறந்து காட்டினார்கள். புருவத் தழும்பு மங்கியிருந்தது; உதட்டில் தையல் தழும்பு மட்டும் தெளிவாக. உன் உடம்பில் லோரி செய்ததை வெள்ளைத் துணி மூடியிருந்தது. நான் செய்தது வெளியே தெரிந்தது.

கபுர்க் குழியருகே உங்கள் வழக்கத்தைப் பார்த்தேன். மண் போடும் முன் உன் அத்தா கூட்டத்தைப் பார்த்து, என் மகன் யாருக்காவது தீங்கு செய்திருந்தால் மன்னித்துப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். பிறகு தேடிவந்து என் கையைப் பிடித்தார்.

"தம்பி, ஒங்க கடைக்கு அவனால ரொம்பக் கெட்ட பேரு. அதையும் மன்னிச்சிரணும். அவன் பாரமில்லாமப் போகணும்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மன்னிச்சிட்டேன் அங்கிள்" என்றேன்.

மூன்று பிடி மண் போட்டேன்.

அதற்குப் பிறகு கடையை நான் ஒருவனே நடத்துகிறேன். நிறைய பேரோடு சண்டை. பார்க்கிங்கில் ஒருவன் கார் கண்ணாடியை உடைத்தேன். காரணம்கூட நினைவில்லை. உள்ளே வைத்திருக்கும் என்றாயே. சரிதான்.

இன்று மெர்சிங்காரன் போனதும் கடையை இழுத்துப் பூட்டினேன். ஜொகூர் பாரு டவுனுக்குப் போனேன். உன் அத்தாவின் சாப்பாட்டுக் கடையில் மதியக் கூட்டம் கலைந்திருந்தது. அவர் கல்லாவுக்கு முன் தே தாரே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"வா தம்பி, சாப்டியா?"

கேபிளை அவர் முன் வைத்தேன். உட்காராமல் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை, எனக்கு அது வராது. கேபிள் என் பையில் இருந்தது, தவறானதைக் கொடுத்தது நான், உங்கள் மகன் இல்லை, மண் போடும்போதே எனக்குத் தெரியும். ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அவர் நாடாவைத் தடவிப் பார்த்தார். ரொம்ப நேரம்.

"அன்னிக்கி வாயில தையலோட, சட்டையெல்லாம் ரத்தத்தோட வீட்டுக்கு வந்தான்" என்றார். "நான் இல்லத்தா, நான் இல்லத்தான்னான். நான் நம்பலையே. கூட்டாளி பொய் சொல்லுவானா, நீதான் கவனமில்லாம செஞ்சிருப்பன்னு நானும் அறஞ்சேன்டா. தையல் போட்ட வாயில அறஞ்சேன்."

பிறகு தே குவளை என் நெற்றியில் வந்து உடைந்தது. மேசையைத் தாண்டி வந்தார். அறுபது வயது ஆள். அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. இடது காதோடு சேர்த்து அறைந்தார். மறுபடி அறைந்தார். சமையல்காரர்கள் இரண்டு பேர் பின்னாலிருந்து பிடித்தார்கள். "விடுங்கடா! இவன் மன்னிச்சிட்டேன்னு சொன்னான்டா! என் புள்ள கபுருக்கு முன்னால நின்னு மன்னிச்சிட்டேன்னு சொன்னான்டா!" என்று தெருவரை கேட்கக் கத்தினார். நான் கையைத் தூக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறை அவசரமில்லாமல் நின்றேன்.

அடங்கியதும் கேபிளை எடுத்து என் சட்டைப் பைக்குள் திணித்தார்.

"எங்கிட்ட ஏன்டா சொல்ற? அவன்கிட்டப் போய்ச் சொல்லு."

சொல்கிறேன். காது இன்னும் விசிலடிக்கிறது. எழுதும்போது நெற்றியிலிருந்து ஒரு சொட்டு தாளில் விழுந்தது. துடைத்துவிட்டேன், கறை இருக்கிறது. கேபிளை உருகிய ஸ்க்ரூடிரைவர் மாட்டியிருக்கும் அதே ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். மீட்டர் உன்னுடையதுதான், என் மூக்கில் உடைந்ததை ஒட்டி வைத்திருக்கிறேன். நாளைக்கு அந்த மெர்சிங்காரனைக் கூப்பிட்டு, அவனுக்கான சரியான கேபிளை ஒவ்வொரு கம்பியாக அதில் வைத்துப் பார்த்துக் கொடுப்பேன், அவன் எவ்வளவு குதித்தாலும்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று உன் கபுருக்கு முன்னால் சொன்னேன் அல்லவா, அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மன்னிக்க நீ எனக்கு எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை. அந்தப் பாரம் என்னுடையது. நாடாவைப் பார்த்துவிட்டேன்டா.