பிச்சையம்மாளின் இரண்டு ஏக்கர்

அன்புள்ள பாண்டீஸ்வரனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே பனியில் நீ எப்படி இருக்கிறாயோ, போனில் கேட்டால் நல்லா இருக்கேன் என்று முடித்துவிடுகிறாய். இங்கே இந்த வருடமும் மழை ஏமாற்றிவிட்டது, உளுந்து சாண் உயரம்கூட வரவில்லை. உன் தங்கச்சி சுவாதி காரியாபட்டிக்குத் தையல் படிக்கப் போய்வருகிறாள்.

போனில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன். திருச்சுழி ரோட்டில் ராணுவத்துக்குத் துப்பாக்கிக் குண்டு உறை செய்கிற கம்பெனி வருகிறது என்று உன்னிடம் சொன்னேனே. இனி வெளிநாட்டில் வாங்காமல் நாமே செய்யப்போகிறோமாம், நம் காய்ந்த காடு அதற்குத் தோதாம், நிலம் கொடுக்கிற வீட்டில் ஒருத்தருக்கு வேலையாம். பட்டாளத்தில் நாலு வருடம் முடிந்ததும் நாலில் மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்பு, அந்த வேலை உனக்கு ஆகட்டும் என்று ஆசைப்பட்டேன். ஆனால் நம் காட்டுக்கு நடுவில் உன் பிச்சையம்மாள் அத்தையின் இரண்டு ஏக்கர் கிடக்கிறது, அது இல்லாமல் நம்முடையதையும் எடுக்க மாட்டார்களாம். அவள் வந்து, “ஏ மதினி, ஆபீசருக பேச்ச நான் நம்பல, ஒம் மகன் பட்டாளத்துல இருக்கான்ல, அவன் என்ன சொல்றான்?” என்று கேட்டாள். நீ என்னிடம், “அவுக இஷ்டத்துக்கு விடுங்கம்மா, நம்ம யாரையும் இழுக்க வேணாம்” என்றுதான் சொல்லியிருந்தாய். ஆனால் அவளிடம் நான், நிலத்தைக் கொடுக்கச் சொல்லி நீ சொன்னதாகச் சொன்னேன். அதோடு விட்டேனா, உன் யூனிபார்ம் போட்டோவில் தலைமேல் அடித்துச் சத்தியமும் செய்தேன். “பெத்தவ பிள்ள தலையில அடிச்சுப் பொய் சொல்லவா போற, ரேகைய எங்க வைக்கணும், சொல்லு” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

வருகிற வியாழக்கிழமை அருப்புக்கோட்டையில் பத்திரப்பதிவு. அவள் வீட்டில் அந்த வேலைக்குப் போக ஒரு ஆள் இல்லை, அது தெரிந்தேதான் சொன்னேன். இனி எங்கே மேய்ப்பது என்று நேற்று ஆடுகளை விலை பேசிவிட்டாள். அதைக் கேட்டதிலிருந்து உன் போட்டோப் பக்கம் திரும்ப முடியவில்லை. நாடு முன்னேறட்டும், கம்பெனியும் வரட்டும், அதற்கு அவள் தானாகச் சம்மதித்திருந்தால் எனக்கென்ன, உன் பெயரைச் சொல்லி அந்தச் சம்மதத்தை நான் அல்லவா வாங்கிக்கொடுத்தேன்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. இதை அவளுக்கு முழுதும் வாசித்துக்காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுவேன், ஆகவே இது உன் கைக்கு வந்தால் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள். வேலை போனால் போகட்டும். பொய்யின் பழி என்னோடு நிற்கட்டும், உன்னை அய்யனார் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் போடு, நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை, நீயாக எதுவும் கேட்காதே.

உன் அம்மா
முருகலட்சுமி