சாப்பாட்டு அக்காவின் நம்பர்

ஒக்டோபர் 7, செவ்வாய்

பின்னேரம் பெருமழை. காலி வீதி முழுக்கத் தண்ணீர். பஸ் அசையவில்லை. பம்பலப்பிட்டியில் இறங்கி வெள்ளவத்தை வரை நடை. யூனிபோர்ம் காயாது. நாளைக்குச் சிவில்தான்.

கொட்டாஞ்சேனையில் போன கிழமை தேத்தண்ணிக் கடை வாசலில் ஒரு பொடியனைச் சுட்டார்களே, அந்தக் கேஸ் எங்கள் பொலிஸ் பிரிவுக்கு வந்துவிட்டது. சந்தேகத்தில் பிடிபட்டவனின் போன், டவர் பதிவுகள், கமராப் படங்கள், எல்லாம் கசுனின் கம்பியூட்டரில். கசுன் வெறும் கொன்ஸ்டபிள். ஆனாலும் பொறுப்பதிகாரி ஓஐசி அவனைக் கேட்காமல் ஒன்றும் செய்வதில்லை. யார் யாருக்குப் போன் எடுத்தார்கள் என்று கோடு கோடாக ஒரு படம் வரும். கூடுதல் பேரோடு தொடர்புள்ள நம்பருக்குப் பெரிய வட்டம்.

பெரிய வட்டம் ஒரு பொம்பிளை. ஸ்டெல்லா. தொடர்மாடி வீட்டில் மதியச் சாப்பாட்டுப் பார்சல் கட்டி விற்கிறவள். சுட்ட கும்பலில் அநேகமாக எல்லோரும் அவளுக்கு எடுத்திருக்கிறார்கள்.

என் வேலை தமிழ் மெசேஜ்களைச் சிங்களத்தில் எழுதிக் கொடுப்பது. "அக்கா, கோழி நாலு, மீன் ரெண்டு." "அக்கா, இன்னைக்கு கோழி வேணாம்." பக்கம் பக்கமாக இதுவே.

ஓஐசி: "கோழி என்றால் கோழிதானா, சார்ஜன்ட்?"

"அப்படித்தான் நினைக்கிறேன், சேர்."

"போன கேஸில் ரம்புட்டான் என்றதையும் நாங்கள் எல்லோரும் ரம்புட்டான் என்றுதான் நினைத்தோம்."

உண்மை. அது தோட்டா.

(ஒபிசில் முழுக்கச் சிங்களம். இங்கே எழுதும்போது தமிழாகிவிடுகிறது. தொழில் பழக்கம்.)

மகள் அபிக்குத் தீபாவளி உடுப்பு எடுக்க வேண்டும். சமையல் காஸ் முடியப் போகிறது. இவருக்குப் பார்மசியில் லீவு இல்லையாம்.

ஒக்டோபர் 8, புதன்

போய்ப் பார்த்து வரச் சொன்னார் ஓஐசி. சிவில் உடுப்பில் கொட்டாஞ்சேனை. ஈர வெக்கை.

மூன்றாம் மாடி, கதவு திறந்தபடி. தோளில் துவாயோடு பெரிய பொம்பிளை. சோறு அள்ளிப் போட்டுக்கொண்டே கதைக்கிறாள். புருஷன் அன்ரனி, துறைமுகத்தில் வேலை செய்து முதுகு போனவர், பார்சல்களுக்கு ரப்பர் பாண்ட் போட்டபடி.

"மிஸ்ஸுக்கு என்ன? மீன் கொஞ்சம்தான் இருக்கு, இப்பவே சொல்லிட்டேன்."

"மீனே தாங்கோ."

"யாழ்ப்பாணமா? அப்ப சம்பல் கூட வைக்கிறேன். பத்தலைன்னு சொல்லிடாதீங்க."

ஒரு பொடியன் வந்து பெரிய பை நிறைய எடுத்துப் போனான். காலைத் துடைக்காமல் வந்ததற்கு ஏச்சு வாங்கினான். யாருக்கு இவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. யாருக்கு என்று அந்த மாடி முழுக்கத் தெரிந்திருக்கும். கேட்காமல் இருப்பது குற்றமா?

அறிக்கை எழுதினேன்: சாப்பாடு சாப்பாடுதான். கசுனும் என் பக்கம். அழைப்பெல்லாம் காலையில் மட்டும், சமையல் நேரத்தில் மட்டும் வருகிறது என்று காட்டினான். "இது கடை, அக்கே."

ஓஐசி இரண்டு தரம் வாசித்தார். "சரி, கடைதான். அந்தப் பார்சல்கள் எங்கே போகின்றன?"

நான் கேட்காமல் வந்த கேள்வி.

மீன் குழம்பு நல்ல ருசி. அதை அறிக்கையில் எழுத இடமில்லை.

ஒக்டோபர் 10, வெள்ளி

கொண்டுவந்துவிட்டார்கள். போனில் கூப்பிட்டால் அவளே வருவாள் என்று சொல்லிப் பார்த்தேன். மேலிடம் அவசரம் என்றார் ஓஐசி. பட்டப்பகலில் ஜீப். மாடிக்கு மாடி ஆட்கள் எட்டிப் பார்க்க ஏற்றினார்களாம்.

விசாரணை அறையில் மொழிபெயர்க்க நான். யூனிபோர்ம். தொப்பியைக் கழற்றியதும் அடையாளம் கண்டுவிட்டாள்.

"அன்னைக்கு மீன் பார்சல் எடுத்தது நீங்கதானே?"

"ஓம்."

"நல்லா இருந்துச்சா?"

கிண்டலாகக் கேட்டாளா, உண்மையாகவே கேட்டாளா, தெரியவில்லை. என்ன சொல்கிறாள் என்று ஓஐசி கேட்டார். என்னை அடையாளம் தெரிகிறதாம் என்று மட்டும் சொன்னேன்.

அடி இல்லை, கத்தல் இல்லை. இந்த ஓஐசி அந்த மாதிரி இல்லை. தேத்தண்ணி கொடுத்து, பார்சல் எங்கே போகிறது என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். அவளுக்கு மறைக்கத் தோன்றவே இல்லை. "முந்தி எல்லாரும் வந்து எடுப்பாங்க சேர். இப்ப ஒரு மாசமா ரெண்டு பேருக்கு மட்டும் எங்க மனுஷன்தான் சைக்கிள்ல கொண்டு போய்க் குடுக்குறாரு. கால்வாய்ப் பக்கம் கராஜ் இருக்கே, அதுக்குப் பின்னால உள்ள ரூம்."

ஓஐசி பேனாவை வைத்துவிட்டார். அந்த ரூம் எங்கள் படத்தில் எங்குமே இல்லை.

அபி: "அம்மா, ஏன் சாப்பிடேல்லை?" தலையிடி என்றேன்.

ஒக்டோபர் 13, திங்கள்

விடிய மழை. கராஜ் ரூமில் இரண்டு பேர் பிடிபட்டார்கள். ஒரு பிஸ்டல், தோட்டா. டிவியிலும் வந்துவிட்டது: "புலனாய்வுத் தகவலின் அடிப்படையில்". ஒபிசில் கிரிபத் என்ற பாற்சோறு, வாழைப்பழம். கசுனுக்கு மேலிடத்துப் பாராட்டு. பாவம், வெட்கத்தில் முகம் சிவந்துவிட்டது. எனக்கும் சந்தோசம்தான். பொய் எழுத மாட்டேன். அந்தப் பிஸ்டல் வெளியே இருந்திருந்தால் இன்னொரு தேத்தண்ணிக் கடை.

ஸ்டெல்லாவை இன்றே விட்டார்கள். முன் வாசலால், பகலில். அன்ரனி ஆட்டோவில் வந்து கூட்டிப் போனார். அவர்கள் பிடிபட்ட அன்றே இவள் வெளியே. இதை யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான்.

ஒக்டோபர் 16, வியாழன்

ஹெட்போனில் ஒட்டுக்கேட்ட அழைப்புகள். காலையிலிருந்து காது வலி. வெளிநாட்டில் இருக்கும் ஒருவன் இங்குள்ளவனுக்கு எடுத்த அழைப்பு.

"உள்ள போய்ட்டு சும்மா வெளிய வர்றாங்களா யாராச்சும்? சாப்பாட்டு அக்காதான் வாயைத் திறந்திருக்கு."

"அப்ப?"

"பாத்துக்கோ."

சிங்களத்தில் எழுதி, "பாத்துக்கோ" என்ற இடத்தில் அடிக்கோடு போட்டு, ஓடிப்போய் ஓஐசியிடம் கொடுத்தேன். அவர் முகம் மாறியது. உடனே இரண்டு பேரைச் சிவிலில் தொடர்மாடிக்குக் கீழே போட உத்தரவு. அது நல்லது.

"அவளுக்குச் சொல்ல வேண்டாமா, சேர்?"

"சொன்னால் ஓடுவாள். ஓடினால் நாங்கள் அவர்களுடைய போனைக் கேட்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். இந்த லைன் போனால் இனி வரும் கொலைகள் ஒன்றும் எங்களுக்குத் தெரியாது."

"அவளைத் தேடி வந்தால்?"

"வந்தால் பிடிப்போம். அதற்குத்தானே ஆட்கள்."

அவர் சொல்வதில் பிழை கண்டுபிடிக்க முயன்றேன். முடியவில்லை. அதுதான் பயம்.

ஒக்டோபர் 18, சனி

லீவு. அபிக்கு உடுப்பு எடுக்கப் போகிறேன் என்று இவரிடம் சொல்லிவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். உத்தரவை மீறுகிறேன் என்று தெரிந்தே. காவலுக்கு நின்ற இருவரும் தேத்தண்ணி குடிக்கப் போகும்வரை காத்திருந்து மேலே ஏறினேன்.

கதவு சாத்தியிருந்தது. தட்டினதும் உள்ளே சத்தம் அடங்கியது.

"ஸ்டெல்லா, கொஞ்ச நாளைக்கு எங்கையாவது போங்கோ. ஏன் எண்டு கேளாதேங்கோ."

"நான் ஏன் போகணும்? நான் என்ன செஞ்சேன்?"

"ஒண்டும் செய்யேல்லை. அதாலதான் சொல்லுறன்."

சிலாபத்தில் தங்கச்சி இருக்கிறாளாம். தீபாவளிக்குப் பெரிய ஓடர் ஒன்று எடுத்துவிட்டாளாம், கோழி எல்லாம் வாங்கியாச்சாம். "திங்கக்கிழமை முடிஞ்சதும் போறேன் மிஸ். சத்தியமா."

அன்ரனி அமைதியாக: "கொண்டு போனதும் நீங்க. இப்ப ஓடச் சொல்றதும் நீங்க. இந்த வீட்டுல எங்களுக்கு ஏதாவது விட்டு வச்சிருக்கீங்களா?"

காவலுக்கு நின்றவர்கள் திரும்பி வருவதற்குள் படியிறங்கினேன்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

வெள்ளவத்தை முழுக்கச் சனம். புடவைக் கடை வாசலில் நிற்க இடமில்லை. அபிக்கு ஊதா நிறச் சல்வார். அவளுக்குப் பிடித்திருக்கிறது.

கடை வாசலில் அந்த இரண்டு பேர். தொடர்மாடிக்குக் கீழே நிற்க வேண்டியவர்கள்.

"இங்கே என்ன செய்கிறீர்கள்?"

"தீபாவளி டியூட்டி, மிஸ். இந்த ரோட்டில் சங்கிலித் திருட்டுக் கூடும் என்று கம்பியூட்டரில் சிவப்பாக வந்ததாம். மத்தியானம் எல்லாப் பிரிவிலிருந்தும் ஆள் எடுத்தார்கள்."

அந்த இடத்திலேயே ஓஐசிக்கு எடுத்தேன். அவருக்கும் தெரிந்திருந்தது. "மேலிட உத்தரவு. நாளைக் காலை திரும்பப் போடுகிறேன். ஒரு இரவுதானே."

ஸ்டெல்லாவுக்கும் எடுத்தேன்; போனை நிறுத்தி வைத்திருந்தாள்.

ஒக்டோபர் 20, திங்கள்

எண்ணெய் வைத்து முழுக்கு. கோயில். வடை. அபி புது உடுப்போடு படம் எடுத்துக்கொண்டிருக்கையில் கசுன் எடுத்தான்.

அன்ரனி செத்துப் போனார். நேற்றுப் பின்னேரம், இருட்டுவதற்கு முதல். கதவைத் தட்டினார்களாம், அவர் திறந்தாராம்.

இவர் கேட்டார், யார் என்று. வேலை விசயம் என்றேன். வந்தவர்களுக்குப் பலகாரம் கொடுத்தேன்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

கொலை நடந்த இடத்து டவர் பதிவுகளை எடுத்தார்கள். கசுன் தேத்தண்ணி அறைக்கு வந்து, கதவைச் சாத்தி: "அக்கே, சனிக்கிழமை உங்கள் நம்பர் அந்த டவரில் இருக்கிறது. என்னால் அழிக்க ஏலாது."

"அழிக்கச் சொல்ல மாட்டன், தம்பி."

நேரே ஓஐசியின் அறைக்குப் போனேன். போனதையும் சொன்னதையும் சொன்னேன். ஏச்சு வரும் என்று நின்றேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "சொல்லியும் அவள் போகவில்லையா?"

"ஓடர் இருந்தது, சேர்."

பிறகு, விளக்கக் கடிதம் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். கமராவில் ஹெல்மெட் போட்ட இருவர், நம்பர் பிளேட் இல்லாத மோட்டார் சைக்கிள். வேறொன்றும் இல்லை. லைன் இன்னும் திறந்திருக்கிறது; அதில் யாரும் அன்ரனியைப் பற்றிக் கதைக்கவில்லை.

ஒக்டோபர் 22, புதன்

அடக்கம். மழை. சிவிலில் கடைசி வரிசையில் நின்றேன். வாக்குமூலம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். ஸ்டெல்லா என்னைக் கண்டதும் அழவில்லை, ஏசவுமில்லை.

"தட்டும்போது ஒருத்தன் பேசினான் மிஸ். 'அண்ணே, பார்சல் இருக்கா'ன்னு. தினமும் போன்ல கேக்குற குரல். எனக்குத் தெரியாதா?"

"யார்?"

"இங்க வச்சு சொல்ல மாட்டேன். போன தடவை உங்க ரூம்ல சொன்னேன், என் மனுஷன் போயிட்டாரு."

ஒபிசில்: ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

ஒக்டோபர் 25, சனி

இவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, சிநேகிதனின் வான் வண்டியை இரவல் வாங்கித் தந்தார். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். ஸ்டெல்லாவின் போனைப் போகிற வழியில் களனி ஆற்றில் போட்டாள், அவளாகவே. வானில் இரண்டு சட்டி, ஒரு துணிப்பை, மாதா படம்.

சிலாபத்தில் தங்கச்சி வீடு. கடல் பக்கம், சுற்றிவர வேலி. தங்கச்சி தேத்தண்ணி தந்தாள். ஸ்டெல்லா கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வந்து எனக்கு முன்னால் இருந்தாள்.

"இப்ப எழுதுங்க."

பெயரைச் சொன்னாள். எங்கே இருப்பான், எந்தக் கடையில் சாப்பிடுவான், எல்லாம். எழுதினேன். தகவல் தந்தவர் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. யார் சொன்னது என்று திங்கட்கிழமை ஓஐசி கேட்பார். எனக்குத் தெரியாது என்பேன். விளக்கக் கடிதம் ஒன்று ஏற்கனவே கொடுத்தாயிற்று, இன்னொன்றும் எழுதலாம்.