இடது தோள் வலி

அண்ணி,

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், சமையலறைப் பக்கம் தலைவைத்தும் படுக்காத உங்கள் கொழுந்தன், நேற்று மாலை அம்மாவின் முன்னிலையில் ஒரு கிண்ணம் பூண்டை முழுதாக உரித்து முடித்தான். விரல் இன்னும் நாறுகிறது. பாராட்டு விழாவுக்கு இன்னும் நாள் குறிக்கப்படவில்லை.

பூண்டு நமக்கில்லை, எதிர்வீட்டு மலர் அக்காவுக்கு. பையன் பிறந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார். அம்மா நல்லெண்ணெயில் பூண்டை வதக்கத் தொடங்கியதும் அந்த வாசம் கூடத்துக்கு வந்தது. நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் அந்த வாசம் எழுவது அதுதான் முதல் தடவை. அம்மா கரண்டியை அசைக்காமல் கொஞ்ச நேரம் நின்றார்.

நீங்கள் கும்பகோணத்திலிருந்து வந்த புதிதில், மின்தூக்கியில் ஏறினால் உள்ளே இருக்கும் எல்லாருக்கும் வணக்கம் வைக்க வேண்டும், இது சிங்கப்பூர்ச் சட்டம் என்று புளுகினேன். நம்பி வைத்தீர்கள். மேல்மாடிச் சீனத் தாத்தா பதிலுக்குக் கைகூப்பப் பழகிக்கொண்டார், இன்றும் கூப்புகிறார். ரயிலில் தண்ணீர் குடித்தால் அபராதம் என்று உண்மையைச் சொன்னபோதுதான் நம்பவில்லை. பழிவாங்க என் மைலோ பானத்தில் மிளகுத்தூளைப் போட்டீர்கள். நான் தொண்டையைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டேன்.

"நடிப்புல நீ இன்னும் எல்கேஜிதான் தம்பி."

"இங்க அதுக்கு 'கே ஒன்'னு பேரு லா, அண்ணி."

"சரி, கே ஒன்லயும் ஃபெயிலு."

பாப்பா பிறந்து நீங்கள் வீட்டுக்கு வந்தபோதும் இதே பூண்டு வாசம்தான். அம்மா உங்கள் வயிற்றைச் சுற்றிப் பழைய பருத்திப் புடவையை இறுக்கிக் கட்டியிருந்தார். அப்படிக் கட்டினால்தான் வயிறு உள்ளே போகுமாம். அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த நீங்கள், இடது தோளைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தீர்கள்.

"அத்தை, தோள்பட்ட குத்துது. மூச்ச இழுத்தா இன்னும் குத்துது."

"வாயுதாம்மா. பிள்ள பெத்த உடம்புல புகுந்துக்கும்" என்றார் அம்மா. பெருங்காயம் கரைத்த வெந்நீர் வந்தது. அதற்கு முன் அம்மா ஒன்றைக் கேட்கத் தவறவில்லை: "உதிரம் அதிகமா போகுதா?" நீங்கள் இல்லையென்று தலையாட்டினீர்கள். எல்லார் முகத்திலும் நிம்மதி. பிள்ளை பெற்றவளுக்கு ஆபத்து என்றால் அது ரத்தமாக வெளியே வரும் என்றுதான் எங்களுக்குத் தெரியும். வரவில்லை. அதனால் ஆபத்தும் இல்லை. எவ்வளவு சுலபமான கணக்கு, அண்ணி.

பெருங்காயத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "உங்கம்மாகிட்ட எனக்கும் மைலோ கலக்கச் சொல்லு" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தீர்கள். உதடு வெளுத்திருந்தது. பாப்பா அழுதாள். தூக்கப் போக எழுந்த நீங்கள், இரண்டாவது அடி வைக்கவில்லை. விழுந்த சத்தத்தைவிட, விழுந்த பிறகு நீங்கள் ஒரு சத்தமும் போடாததுதான் என்னை உறையவைத்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் புடவையை வெட்டியபோது வயிறு பலகை மாதிரி விறைத்து உப்பியிருந்தது. வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

மண்ணீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் ஒரு வீக்கம் இருந்திருக்கிறது. மிக அபூர்வம் என்றார் மருத்துவர். கர்ப்பக் காலத்தில் பெருத்து, முதலில் கொஞ்சமாகக் கசிந்திருக்கிறது. உள்ளே தேங்கிய ரத்தம் நரம்பை உறுத்த, வலி தோளில் தெரிந்திருக்கிறது. பிறகு மொத்தமாக உடைந்துவிட்டது. "எங்களுக்கே கண்டுபிடிக்கிறது கஷ்டம்" என்று அண்ணனிடம் சொன்னார். அண்ணன் தலையாட்டிக்கொண்டே இருந்தார், அவர் பேசி முடித்துப் போன பிறகும்.

அதிலிருந்து எனக்குத் தோள் என்றால் பயம். தேக்கா சந்தையில் கீரை வாங்க நிற்கும் கர்ப்பிணி பையை இடது தோளுக்கு மாற்றினால் என் கால் நின்றுவிடும். வகுப்பில் ஆசிரியை தோளைச் சொறிந்தாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். பள்ளியில் நான் இன்னும் கோமாளிதான், கவலைப்படாதீர்கள். ஆனால் யாராவது "வாயு" என்றால் என் வாய் மூடிக்கொள்கிறது.

நேற்று பூண்டுக் கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மலர் அக்கா வாங்கிக்கொண்டே இடது தோளைத் தேய்த்தார்.

"என்னக்கா?"

"காலையிலேர்ந்து இங்க ஒரே வலிடா. உங்கம்மாகிட்ட பெருங்காயம் இருக்கா?"

அண்ணி, நான் பதறவில்லை. கிண்ணத்தை ஒழுங்காக மேசைமேல் வைத்தேன். வீட்டுக்கு வந்து ஆம்புலன்ஸுக்காக 995-ஐ அழைத்தேன். செய்தி வாசிப்பவர் மாதிரி நிறுத்தி நிதானமாக, குரல் நடுங்காமல், விவரம் எல்லாம் சொன்னேன். அவர்கள் வந்து மலர் அக்காவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் உள்ளே ஒன்றுமில்லை. பிள்ளையை ஒரே தோளில் போட்டுத் தூங்கவைத்த வலி. ஆனாலும் மருத்துவமனைக்கு வந்தது சரிதான் என்று மருத்துவர் சொன்னாராம். இன்று காலையிலிருந்து நான்தான் நம் அடுக்குமாடி புளோக்கின் டாக்டர். சீனத் தாத்தாகூட மின்தூக்கியில் எனக்குக் கூடுதலாக ஒருமுறை கைகூப்பினார்.

இதுவரைக்கும்தான் மற்றவர்களிடம் சொன்னேன். உங்களிடம் மீதியும்.

ஆம்புலன்ஸ்காரர்கள் எதிர்வீட்டுக்குப் போகவில்லை. நம் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். அம்மா பாப்பாவை இடுப்பில் வைத்தபடி திறந்தார். முன்னால் நின்றவர் தமிழர்.

"ஆன்ட்டி, உங்க மருமக எங்க?"

அம்மா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். யாருக்கு உடம்பு சரியில்லை என்று தொலைபேசியில் கேட்டபோது, "எங்க அண்ணிக்கு" என்று சொல்லியிருக்கிறேன். நம் வீட்டுக் கதவு எண்ணைக் கொடுத்திருக்கிறேன். சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க என்று அழுதிருக்கிறேன். எதிர்க் கதவைக் கை காட்டினேன்.

குரல் நடுங்கவில்லை என்று மேலே எழுதினேனே, அது சும்மா.

கே ஒன்லயும் ஃபெயிலுதான், அண்ணி.