பத்துகள் வீட்டு அம்மாவுக்கு

என் பொன்னு அக்கா,

உன்னிடம் சொல்லாமல் எனக்கு எதுவும் தாங்காது, தெரியும்தானே? இதை ஊரார் எல்லாரும் படிக்கட்டும் என்றே ஃபேஸ்புக்கில் எழுதுகிறேன். நம்ம பள்ளிக்கூடத்தைப் பற்றி கருங்கல் சந்தை வரைக்கும் ஒரு பேச்சு போயிருக்கிறது. அதில் நடந்தது கால்வாசி, மிச்சமெல்லாம் அவரவர் கைச்சரக்கு.

நீ போன பிறகு உன் மூன்றாம் வகுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். "தங்கச்சிதானே, அக்கா மாதிரியே நடத்திருவீங்க" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். அக்கா மாதிரியாம்! நான் பலகையில் எழுதிப் போட்டு, பிள்ளைகள் பார்த்து எழுத, திருத்திக் கொடுத்துவிட்டு மணியடித்ததும் வீட்டுக்குப் போகிற ஆள். நீயோ மாவட்டப் படத்தை முற்றத்தில் சுண்ணாம்பால் வரைந்து, பிள்ளைகளையே ஊர்களாக நிற்க வைத்தவள். ஆரல்வாய்மொழியில் நிற்பவர்கள் காற்றாடி போலக் கையைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பத்மநாபபுரத்துப் பிள்ளை அரண்மனைத் தூணாக அசையாமல் நிற்க வேண்டும். கருங்கல்லில் நிற்பவர்கள் மீன் விலை கூவ வேண்டும். பக்கத்து வகுப்பு ஜன்னலில் இருந்து நான் எத்தனை தடவை கத்தியிருக்கிறேன், "அக்கா, உனக்க சந்தைய கொஞ்சம் மூடு" என்று!

கழித்தல் பாடம் வரும்வரைக்கும் எப்படியோ ஓட்டிவிட்டேன். நாற்பத்திரண்டில் பதினேழு போக வேண்டும். "ரெண்டுல ஏழு போகாது, பக்கத்துல கடன் வாங்கணும்" என்று பலகையில் காட்டினேன். ஒருத்தரும் பென்சிலை எடுக்கவில்லை. "டீச்சர், பத்துகள் வீட்டு அம்மா வரல்லியா?" என்று ஒருத்தன் கேட்டான்.

நீ அவர்களோடு உட்கார்ந்து வண்ணம் அடித்த அந்த இரண்டு அட்டைக் கதவுகளையும் அவர்களே அலமாரிக்குப் பின்னால் இருந்து இழுத்து வந்தார்கள். பச்சைக் கதவு ஒன்றுகள் வீடு, சிவப்புக் கதவு பத்துகள் வீடு. ஒன்றுகள் வீட்டுக்காரிக்கு, எண்ணுவதற்கு வைத்திருக்கிற ஈர்க்கில் குச்சி போதாமல் போனால் சிவப்புக் கதவைத் தட்ட வேண்டும். பத்துகள் வீட்டு அம்மா நாலு வார்த்தை திட்டிவிட்டு, பத்து ஈர்க்கில் உள்ள ஒரு கட்டை அவிழ்த்துத் தருவாள். அந்த அம்மா நீதான். அந்தக் கதவுக்குப் பின்னால் போய் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. "யாராவது பெரிய டீச்சர் மாதிரி செய்யுங்க" என்று சொல்லிவிட்டேன். நான்தான் சொன்னேன் அக்கா, வேறு யாரும் இல்லை.

அபிஷா எழுந்தாள். முன்பல் விழுந்த அந்த ஒல்லிப் பிள்ளையை உனக்கு நினைவிருக்கும். கதவுக்குப் பின்னால் போனாள். பேசுவதற்கு முன்னால் நீ தொண்டையைச் செருமுவாயே, அதே செருமல். இல்லாத கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளினாள். "ஏட்டி, நேத்துதானே வாங்கிட்டுப் போன? இன்னைக்கும் வந்தியா? எனக்க வீட்டுல என்ன, மரத்துலயா காய்க்கி?"

நீதான் பேசினாய் அக்கா. அந்த இழுப்பு, அந்தச் சலிப்பு, கடைசியில் சிரிப்பை அடக்குகிற அந்த மூச்சு. என்னையறியாமல் "அக்கா!" என்று கூப்பிட்டேன். சத்தமாகக் கூப்பிட்டேன், கதவைப் பார்த்து நடந்தும் விட்டேன். பிள்ளை மிரண்டுபோய்த் தன் சொந்தக் குரலில், "டீச்சர், தப்பாச் செஞ்சிட்டனா?" என்றாள்.

கணக்கை எல்லாரும் சரியாகப் போட்டார்கள். ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனது கணக்கை அல்ல. "பெரிய டீச்சர் அபிஷாக்க மேல வந்துட்டாவ, சின்ன டீச்சரே அக்கான்னு கூப்பிட்டாவ." இதற்குமேல் ஊருக்கு என்ன சாட்சி வேண்டும்? நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அப்படியே போனவள். அப்படிப் போனவர்கள் ஆசை தீராமல் அலைவார்கள் என்று நம்ம பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். நாம் சர்ச்சுக்குப் போகிறோம், அபிஷா வீட்டில் கோயிலுக்குப் போகிறார்கள். சாமிதான் வேறே வேறே, பேய்ப் பயம் எல்லாருக்கும் ஒன்று.

மறுநாள் அபிஷா வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. "நாடகமெல்லாம் போதும், புத்தகத்தைத் திறந்து நடத்துங்க" என்று ஹெட்மிஸ்ட்ரஸ் முகத்தில் அடித்தாற்போல் சொன்னார். அபிஷாவின் அம்மா சுஜாவைப் போனில் பிடித்தேன். புருஷன் கல்ஃபில், தனியாக இருந்து பயந்து செத்துக்கொண்டிருந்தாள். "டீச்சர், புள்ள வீட்டுலயும் அவிய மாதிரியே செருமுகா. எனக்குப் பேடியா கெடக்கு. ஞாயித்துக்கெழம ஒரு எடத்துக்குக் கொண்டு போவோம்னு அண்ணன் சொல்லியிருக்கு."

பேயோட்டுகிற அந்த மாதிரி இடங்களில் என்ன செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். "போறேன்" என்று பிள்ளையின் வாய் சொல்லும் வரைக்கும் வேப்பங்குலையால் அடிப்பார்கள். அந்த அடி ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. அவள் கெட்டிக்காரி. அடி தாங்காமல், அவர்கள் கேட்கிறபடியெல்லாம் பேயாகவும் நன்றாக நடித்துவிடுவாள். அப்புறம் ஆயுசுக்கும் அவள் பேய் பிடித்த பிள்ளைதான். அதற்கு யாரிடம் போய் நிற்பது?

சனிக்கிழமை மத்தியானம் போனேன். நான் எவ்வளவு பெரிய பயந்தாங்கொள்ளி என்று உனக்குத் தெரியும். அந்த வீட்டுப் படியை இரண்டு தடவை ஏறி இறங்கிவிட்டுத்தான் உள்ளே போனேன். சுஜாவின் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார். கையில் கருப்புக் கயிறு கட்டி, அபிஷாவை ஒரு மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவாம்.

"அது வெறும் நடிப்புதான், பாடத்துக்காகச் செஞ்சது" என்றேன்.

"அப்ப நீங்க என்னத்துக்கு டீச்சர் அக்கான்னு கூப்பிட்டிய?" என்றார் அவர்.

கடைசியில் உள்ளதையே சொன்னேன். "எனக்கு அக்காவைத் தேடுது. எந்நேரமும் தேடுது. அதான் கூப்பிட்டுட்டேன்." சுஜா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அசையவில்லை.

வேறு வழி தெரியவில்லை. பிள்ளைகளுக்கு முன்னால்கூட நடிக்காத நான் எழுந்து போய் உள்ளறைக் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். "மக்கா அபிஷா, பத்துகள் வீட்டுல இப்ப வேற ஆள் குடி வந்திருக்காவ. யாருன்னு நீயே முடிவு பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டுக் கதவைத் தட்டினேன். "அம்மோ, ஒரு கட்டு ஈர்க்கில் கடனாத் தருவியளா?" என் குரல் ஆட்டுக்குட்டி மாதிரி நடுங்கியது. அந்த ஒரு நிமிஷம் உன் குரல் வந்துவிடக் கூடாது என்று கர்த்தரிடம் கெஞ்சினேன். நீ போன நாளில் இருந்து அந்தக் குரலுக்காகத்தானே ஏங்கிக் கிடக்கிறேன், இப்படியும் ஒரு ஜெபமா?

அபிஷா மாமாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். மெல்ல எழுந்தாள். இடுப்பில் ஒரு கையை வைத்தாள், இன்னொரு கையைப் போன் மாதிரி காதில் வைத்தாள். "இங்க ஈர்க்கிலும் இல்ல, சீனியும் இல்ல. எங்க அண்ணன் வந்து சாயா குடிச்சே தீத்துட்டு. போதும் போதும்னு வந்தாச்சு எனக்கு, கேட்டியளா?"

சுஜா வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ, மூதேவி! இது நான்லா!" சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அண்ணன் மிச்சச் சாயாவைக் குடிக்கவில்லை. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, "பிள்ளைக்கு வாய் கூடிப்போச்சு" என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் என்னைப் பார்க்காமல் சொன்னார். "நாளைக்கு ஆட்டோ வேண்டாம்னு சொல்லிருகேன்."

திங்கட்கிழமை அபிஷா வந்துவிட்டாள். கயிறு கையில் அப்படியே இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும். ஹெட்மிஸ்ட்ரஸிடம் மன்றாடி, கணக்குப் பாடத்துக்கு மட்டும் கதவுகளை வைத்துக்கொள்ள அனுமதி வாங்கியிருக்கிறேன். இத்தோடு பயம் தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

நேற்று மணியடித்துப் பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு, மறந்து வைத்த தண்ணீர்க் குப்பியை எடுக்க அவள் திரும்பி வந்தாள். எடுத்துவிட்டும் போகவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"டீச்சர், இங்க இப்ப யாரும் இல்லல்லா? பெரிய டீச்சர் மாதிரி ஒருக்கா பேசட்டா? உங்களுக்குத் தேடும்லா?"

என் வாய் திறந்துவிட்டது அக்கா. "ம்" என்று ஒரு சத்தம் போதும், நீ வந்துவிடுவாய். அந்தச் செருமல், அந்தத் திட்டு, எல்லாம் இரண்டு முழத் தூரத்தில் நிற்கிறது. ஊரார் சொன்ன பேச்சில் ஒன்று மட்டும் உண்மையாகிப்போகும் என்று அப்போதுதான் புரிந்தது. பேய் அவளைப் பிடிக்கவில்லை. நான்தான் பிடித்துவிடுவேன். இன்றைக்கு ஒரு வார்த்தை கேட்பேன், நாளைக்கு இரண்டு கேட்பேன், அந்தச் சின்ன உடம்பை விடவே மாட்டேன்.

"வேண்டாம் மக்கா, வீட்டுக்குப் போ" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் நாளைக்கும் கேட்டால் என்ன செய்வேன்?

அதனால் எல்லாரும் பார்க்க இங்கே எழுதி வைக்கிறேன், மீறினால் யாராவது என்னைக் கேட்கட்டும். நாளையில் இருந்து சிவப்புக் கதவுக்குப் பின்னால் நான் நிற்பேன். என் கீச்சுக் குரலில், எனக்குத் தெரிந்த அளவில் திட்டுவேன், பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். எவ்வளவு தேடினாலும், அந்தப் பிள்ளையிடம் உன்னைக் கேட்க மாட்டேன்.

உனக்குப் பின்னால் பிறந்து, உன் வகுப்பில் நிற்கிற
உன் தங்கச்சி ஷீலா