வரப்பில் நேராக நடந்தவன்

என் பிரியமானவருக்கு,

நீங்கள் உயிரோடு இருந்தவரை உங்களைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. இப்போதும் மாட்டேன். கடிதத்துக்கு விளிப்பு அவசியம் என்று கான்வென்டில் கண்டிப்பாகச் சொல்லித் தந்தார்கள். இதற்கு மேல் எனக்கு வரவில்லை.

துணி காயப்போடும் கொடி வெறுமையாகக் கிடக்கிறது. கல்லூரிப் பையன்களின் கணுக்காலிலும் முழங்காலிலும் நீங்கள் சுற்றிய கட்டுத்துணிகளைத் துவைத்து அதில்தான் உலர்த்துவேன். "என்னம்மா, வீட்டுல ஆஸ்பத்திரி வச்சிருக்கீங்களா?" என்பாள் எதிர்வீட்டு அம்மாள். "காலேஜ் டீம் டிரெய்னர் வீடுங்க இது" என்று நிமிர்ந்து சொல்வேன். பி.டி. மாஸ்டர் ஆடக் கற்றுத்தருவார். அடிபட்டவனைத் தேற்றி, மறுபடி இறக்கலாமா கூடாதா என்று சொல்வது நீங்கள். அந்த முடிவைக் கல்லூரி முதல்வராலும் மாற்ற முடியாது என்பதில் உங்களைவிட எனக்குத்தான் கர்வம்.

அதற்கு நீங்கள் வைத்திருந்த சோதனையும் நினைவிருக்கிறது. மைதானத்துக்குப் பின்னால், வாய்க்காலை ஒட்டிய வயல் வரப்பு. தலையில் மணல் மூட்டையோடு, வெறுங்காலில் அந்தக் கோடிவரை போய்த் திரும்ப வேண்டும். "காலைப் பாக்கக் கூடாது, இந்திரா. முகத்தைப் பாக்கணும். வலி முதல்ல அங்கதான் வரும்" என்பீர்கள். ஒரு காயமும் இல்லாத மிராசுதார் மகன் ஒருவன் அதில் நடந்து சேற்றில் விழுந்தான். "உங்கப்பா வயல்தானேடா, நல்லா உருண்டுட்டு வா!" என்று பையன்கள் கத்த, நீங்களும் சிரித்தீர்கள்.

மாரிமுத்து விழவில்லை.

ஆட்சி மாறியும் கூலித் தகராறு ஓயாத காலம் அது. அவன் ஊரில் சிவப்புக் கொடி நட்டு, அறுப்புக்கு இறங்காமல் நின்றார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பண்ணையாள் தெருவிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் அவன். கபடியில் அவன் பாடிப் போனால் எதிரணி பின்வாங்கும். இறுதி ஆட்டத்தில் நன்றாக ஆடினால் போலீஸ் வேலை நிச்சயம் என்று பேச்சு. அந்த நேரம் பார்த்து முழங்கால் வீங்கியிருந்தது. மூட்டையைச் சுமந்து வரப்பில் நடந்தான். சீரான நடை, அமைதியான முகம். நீங்கள் அவனை ஆட விட்டீர்கள்.

இறுதி ஆட்டத்தில் மூட்டு முறுக்கிக்கொண்டபோது அவன் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தக் கால் பிறகு நேராகவில்லை. வேலையும் போயிற்று. கட்டுத்துணிப் பெட்டியோடு அவன் தெருவுக்குப் போனீர்கள். "எங்க புள்ளைய முடமாக்கிட்டு, இப்ப மிராசுதாருக்கு வேவு பாக்க வந்தீங்களா?" என்று திருப்பி அனுப்பினார்கள். "என் கண்ணு முன்னாடி நேராத்தானே நடந்தான்? எதைத் தவறவிட்டேன்?" கடைசியாகப் படுத்த கட்டிலிலும் அதையே கேட்டீர்கள். உங்கள் மேல் தப்பில்லை என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

போன வாரம் மாரிமுத்து வந்தான். நீங்கள் போனது அவனுக்குத் தாமதமாகத்தான் தெரிந்திருக்கிறது. தலை முழுக்க நரை, கையில் தடி. நெல் கொள்முதல் நிலையத்தில் காவல் வேலையாம். உங்கள் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றான். கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு வரப்புல நடந்தப்ப வலிச்சுதாப்பா?"

"உசுரு போற வலிம்மா."

"முகத்துல ஒண்ணுமே தெரியலைன்னாரே?"

சிரித்தான். "சின்னதுலேர்ந்து கதிர்க்கட்டு தூக்கிட்டு வரப்புல வருவோம்மா. மிராசுதாரோட காரியக்காரர் எதிர்ல நிப்பாரு. மூஞ்சியச் சுளிச்சா மறுநாள் வேலை கிடையாது. தலையில பாரம் ஏறினா மூஞ்சி தானா மூடிக்கும். சார் என்னைச் சும்மா தரையில நடக்கவிட்டிருந்தா நொண்டியிருப்பேன்."

"வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா ஆட்டத்துல இறக்கியிருக்க மாட்டாரேம்மா."

நீங்கள் தேடிய பதில் இதுதான். உங்களைப் பார்க்காமல் என்னிடம் வந்து சேர்ந்தது. டவுனில் பிறந்த உங்களுக்கு வரப்பு ஒரு குறுகலான பாதை. அவனுக்கு? அன்று நீங்கள் பார்த்தது அவன் காலையா, அவன் வீட்டுப் பசியையா? இதை நான் யாரிடம் கேட்பது?

இன்னொரு செய்தியும் உண்டு. அந்த வயல் இப்போது இல்லை, விடுதி கட்டிவிட்டார்கள். உங்கள் வரப்பை மட்டும் மைதான ஓரத்தில் சிமெண்டில் கட்டியிருக்கிறார்கள். இப்போதைய டிரெய்னர், பிசியோதெரபி படித்த பெண், வீடு தேடி வந்து பூரிப்போடு சொன்னாள்: "சாரோட வரப்பு நடையை நாங்க இன்னும் விடலைம்மா. அவர் பேரை வச்சு, உங்க கையால திறக்கப் போறோம்." இப்போது பெண்கள் அணியும் அதில் நடக்கிறதாம். பாதிப் பேர் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற வீட்டுப் பிள்ளைகள். அவள் சொன்னது மாரிமுத்து வருவதற்கு முன்பு. சந்தன நிறப் பட்டுப் புடவையை இஸ்திரி போட்டு எடுத்து வைத்திருந்தேன்.

அதைத் திரும்ப பீரோவில் வைத்துவிட்டேன். திங்கட்கிழமை மாரிமுத்துவோடு கல்லூரிக்குப் போகிறேன். "வரேம்மா, ஆனா சாரைக் குறை சொல்ல மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறான். வேண்டாம், நான் சொல்கிறேன். அந்தச் சிமெண்ட் வரப்பை இடித்துவிடுங்கள் என்பேன். பிள்ளையில்லாத நமக்கு, உங்கள் பெயர் நிற்க வேறு இடம் கிடையாது. அது தெரிந்தே சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் முடிவை யாராலும் மாற்ற முடியாது என்று கர்வப்பட்ட,
உங்கள் மனைவி
இந்திரா